பூச்சியின் வாயும் பூவின் குழலும்

உணவின்றி உயிர்கள் வாழா. உண்ணும் உணவு வேறுபடின், உண்ணும் வாயும் வேறுபடும். நெல்லைக் கொறிக்கும் குருவியின் அலகும், மீனைக் கவ்வும் கொக்கின் அலகும் ஒன்றல்ல என்பதை யாவரும் அறிவர். பூச்சிகளின் வாயமைப்போ இதனினும் வியக்கத்தக்கது.

வெட்டுக்கிளியின் வாயை உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு நோக்கின், மேலுதடு ஒன்றும், வலிய தாடைகள் இரண்டும், துணைத்தாடைகள் இரண்டும், கீழுதடு ஒன்றும், நடுவே நாப்போன்ற உறுப்பு ஒன்றும் காணப்படும். இவ்வுறுப்புகளே பிற பூச்சிகளில் வேறு வடிவு கொள்கின்றன. புல்லைக் கடித்து அரைக்கும் வெட்டுக்கிளிக்கு வலிய தாடை வேண்டும். குருதி உண்ணும் பெண்கொசுவுக்கு அஃது உதவாது. ஆதலின் கொசுவின் மேலுதடும், இருவகைத் தாடைகள் நான்கும், நாவும் ஆறு நுண்ணிய ஊசிகளாகி, கீழுதடாகிய உறையினுள் அடங்கியுள்ளன. வண்ணத்துப்பூச்சியிலோ, துணைத்தாடை ஒவ்வொன்றின் ஒரு பகுதி நீண்டு, மற்றதனோடு பொருந்தி, தேனுறிஞ்சும் குழலாகின்றது. அப்பூச்சியே புழுவாயிருந்தபோது தாடைகொண்டு இலையைத் தின்றது என்பதும் நினைக்கத்தக்கது.

வாயின் வடிவுக்கும் தொழிலுக்கும் உள்ள இவ்வியைபை நன்கு உணர்த்துவது மடகாஸ்கர்த் தீவின் மலர் ஒன்றன் வரலாறாகும். 1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அறிஞர் சார்லஸ் டார்வினுக்கு ஆர்க்கிடு மலர்கள் சில அனுப்பப்பெற்றன. அவற்றுள் விண்மீன் போன்ற வெண்ணிற மலர் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தே ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள தேன்குழல் தொங்கியது. தேனோ அதன் அடியில் மட்டுமே இருந்தது. அத்தேனை எட்டத்தக்க நீண்ட குழல்வாயுடைய அந்துப்பூச்சி ஒன்று அத்தீவில் இருத்தல் வேண்டும் என்று டார்வின் துணிந்து எழுதினார். அத்தகைய பூச்சியை எவரும் கண்டிலர். ஆதலின் அக்கூற்றை எள்ளினோரும் உளர். 1867-இல் வாலஸ் என்னும் அறிஞர் டார்வினுக்குத் துணைநின்று, நெப்டியூன் கோளை வானூலார் தேடியது போல அப்பூச்சியையும் நம்பிக்கையோடு தேடலாம் என்றார்.

டார்வின் 1882-இல் மறைந்தார். அதன்பின் 21 ஆண்டுகள் கழித்து, 1903-இல், அவர் கூறியவாறே நீண்ட குழல்வாயுடைய அந்துப்பூச்சி மடகாஸ்கரினின்று விவரிக்கப்பெற்றது. 'முன்னுரைக்கப்பட்டது' என்னும் பொருள்தரும் சொல்லும் அதன் பெயரில் சேர்க்கப்பெற்றது. 2021-இல் அது தனியினமாகவே கொள்ளப்பட்டது. அதன் குழல்வாய் 28 செ.மீ.க்கு மேலும் நீள்வதுண்டு. தேனுண்ணாதபோது அது கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டிருக்கும்.

இந்நீட்சி எவ்வாறு உண்டாயிற்று? பூச்சி விரும்பியதனால் அன்று. மலர் எண்ணியதனாலும் அன்று. குழல்வாய் சற்று நீண்ட பூச்சிகள் மிகுதியாகத் தேன் பெற்று, மிகுதியாக இனம் பெருக்கின. தேன்குழல் குட்டையான மலரில் பூச்சி எட்டநின்றே தேனை உண்டுவிடும். பூந்தாது அதன்மேல் ஒட்டாது. தேன்குழல் நீண்ட மலரிலோ, கடைசித் துளிக்காகப் பூச்சி தன் தலையை மலருள் அழுத்தும். அப்போது பூந்தாது ஒட்டிக்கொள்ளும். அதனால் நீண்ட குழலுடைய மலர்களே மிகுதியாக விதை ஈன்றன. இங்ஙனம் எண்ணிறந்த தலைமுறைகளில் மலரின் நீளத்தைப் பூச்சியும், பூச்சியின் நீளத்தை மலரும் வளர்த்தன என்பது டார்வின் கண்ட விளக்கமாகும்.

இத்துணை நெருங்கிய உறவில் இடரும் உண்டு. குறுகிய வாயுடைய பூச்சிகளால் அம்மலரின் அடித்தேனை எட்டவியலாது. மடகாஸ்கரின் காடுகளோ மனிதரால் பெரிதும் அழிக்கப்பட்டு வருகின்றன. அந்துப்பூச்சி அழியின், மலர் மலர்ந்தும் விதையின்றி நிற்கும். ஓர் உயிரைக் காத்தல், அதனைச் சார்ந்த மற்றோர் உயிரையும் காத்தலாகும்.