மாத்திரையை நிறுத்துமுன்

அன்புள்ள கண்ணு,

"கவுன்சலிங்கே போதும் சித்தி, மாத்திரையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் காரணமென்று எனக்குத் தெரியும்.

நானும் ஒருமுறை விட்டவள். பைபோலாருக்காக இரண்டு வருடம் லித்தியம் சாப்பிட்டு, ஒரு தொந்தரவும் இல்லாததால் குணமாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன். நாலாவது மாதம், இரண்டு மணி நேரத் தூக்கத்திலேயே புதுசாய் எழுந்தேன். யாரையும் கேட்காமல் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். பிறகு கவிந்த சோர்வில் தலை சீவக்கூட எழ முடியவில்லை. உங்கம்மாதான் சோறு ஊட்டிவிட்டாள்.

மறுபடி மாத்திரை போட்டதும் மனசு மெல்ல அடங்கியது. ஆனால் போன பணமும், உன் சித்தப்பாவிடம் நான் கொட்டிய வார்த்தைகளும் அப்படியே நின்றன. அதற்குத்தான் பேச்சு தேவைப்பட்டது. "மனசு ஏறுவதற்கு முந்தின வாரம் எப்படி இருந்தீர்கள்?" என்று என் உளவியலாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் தூக்கம்தான் முதலில் குறைந்திருந்தது. இப்போது இரண்டு இரவு சேர்ந்தாற்போல் நான் சரியாகத் தூங்காவிட்டால் சித்தப்பாவே டாக்டருக்குப் போன் போடுவார். அந்த உரிமையை அவருக்கு நான்தான் கொடுத்தேன்.

அமெரிக்காவில் 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பைபோலாரின் சோர்வுக் கட்டத்தில் மருந்துச் சிகிச்சையில் இருந்த 293 பேரில், 9 மாதம் வரை தீவிர உளவியல் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் ஒரு வருடத்துக்குள் மீண்டார்கள். சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 52 பேர். மருந்துக்குப் பதிலாகப் பேச்சு என்றில்லை, மருந்தோடு பேச்சு, அதைக் கவனி.

லித்தியத்தால் கை நடுக்கம், தாகம் என்றால் டாக்டரிடம் சொல், அளவை மாற்றிப் பார்ப்பார். வாந்திபேதி வந்தாலும் உடனே கேள். உப்பைத் திடீரென்று குறைக்காதே. மெடிக்கலில் நீயாக வலி மாத்திரை வாங்காதே. வாந்திபேதி, உப்புக் குறைவு, சில வலி மாத்திரைகள், இவற்றால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடலாம்.

வரன் வீட்டில் எதை, எப்போது, யார் சொல்வது என்பதை அந்தக் கவுன்சலிங் அறையிலேயே வைத்துப் பேசு. குழந்தை பற்றி யோசிக்கும்போதும் முன்னதாகவே டாக்டரிடம் கேட்டுவிடு. மறைத்து வாழும் பாரம் உனக்கு வேண்டாம், கண்ணு.

வெள்ளிக்கிழமை லித்தியம் ரத்தப் பரிசோதனைக்கு நானும் உன்னோடு வருகிறேன். முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை இருந்தால் கொடுத்த பிறகு போட்டுக்கொள். இட்லி கட்டி எடுத்து வருகிறேன்.

உன் சித்தி