குருதி காட்டும் சுவடுகள்

ஈரலழற்சி ‘பி’ வைரசு நோய்க்குறி எதுவும் காட்டாது பல்லாண்டுகள் உடலில் உறைதல் கூடும். அதனைக் குருதியிற் காணும் வழி யாது?

அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியிற் கண்ட புதிய புரதமொன்றைப் பற்றி 1965இல் அமெரிக்க அறிஞர் பிளம்பேர்க் குழுவினர் எழுதினர். அதுவே இவ்வைரசின் மேற்பரப்புப் புரதமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. பிளம்பேர்க் 1976இல் நோபெல் பரிசு பெற்றார்.

இன்று நோக்கப்படும் சுவடுகள் மூன்று. முதலாவது, அம்மேற்பரப்புப் புரதம்; ஆறு மாதங்களுக்கு மேல் அது நீடிப்பின் தொற்று நாட்பட்டதாகும். இரண்டாவது, அப்புரதத்தை எதிர்க்கும் பிறபொருளெதிரி. நோய் நீங்கியோரிடத்தும் தடுப்பூசி பெற்றோரிடத்தும் இது காணப்படும். மூன்றாவது, வைரசின் உள்ளகப் புரதத்தை எதிர்க்கும் பிறபொருளெதிரி. தடுப்பூசியால் இது தோன்றாது. இயற்கைத் தொற்றுக்கே இது சான்று.

முதற்சுவடு இல்லாதவிடத்தும் ஈரற் கலங்களுள் வைரசின் மரபுப்பொருள் மறைந்திருக்கலாம். புற்றுநோய் மருந்துகள் சில உடலின் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துங்கால், அது மீண்டெழுந்து உயிருக்கே ஊறு விளைத்தலும் உண்டு. ஆதலின் அத்தகைய சிகிச்சைக்கு முன்னர் மூன்றாஞ் சுவட்டையும் சோதித்தல் வேண்டும். முன்னறியின், தடுக்கும் மருந்துகள் உள.

‘இல்லை’ என்னும் ஒரு விடையோடு ஆராய்ச்சி முடிவதில்லை என்பதை மாணவர் உளங்கொள்வாராக.