பையில் இருந்தால் போதுமா?



'தன் கையே தனக்கு உதவி' என்பார்கள் பெரியோர். அந்தக் கையில் என்ன இருக்க வேண்டும், அது எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மாலை நேர டவுன் பஸ்ஸில் தொல்லைக்கு ஆளானாள். அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம். பையில் ஊக்கு இருந்தது, குடையும் இருந்தது. ஆனாலும் நான்கு நிறுத்தம் வரை வாய் திறக்காமல் நின்று, வீட்டுக்குப் போய் அழுதாள். "எல்லாம் இருந்தும் என் கை ஏன் எழவில்லை?" என்று மறுநாள் அவள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

பதில் தேட ஒரு சோதனை செய்தோம். பஸ்ஸில் நிற்பதுபோல் வகுப்பறையில் நெருக்கி நின்றோம். சிஸ்டர் "எடு!" என்றதும் அவரவர் ஊக்கை எடுக்க வேண்டும். பலருக்குப் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. பையின் தோள்பட்டையில் விசில் கட்டியிருந்தவளின் கை மட்டும் உடனே வாய்க்குப் போயிற்று. என்ன பொருள் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம் என்ற முதல் பாடத்தை அன்று கற்றோம்.

ஊக்கு: இன்று நாம் குத்தும் ஊக்குக்கு 1849-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் வால்டர் ஹன்ட். அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். நம் அம்மாக்களுக்குப் பஸ்ஸில் இதுவே துணை. ஆனால் நெரிசலில் அது தவறான ஆளையும் குத்தலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் பெரிய தொப்பிகளை நீண்ட ஊசியால் கொண்டையில் செருகிக்கொண்டார்கள். வம்பு செய்தவர்களை அதே ஊசியால் விரட்டியதும் உண்டு. அக்கம்பக்கத்தாருக்கும் காயம் படுகிறது என்று 1910-இல் சிகாகோ நகரசபை, ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட ஊசியைத் தடை செய்தது. வம்பு செய்த கையை விட்டுவிட்டு ஊசியை அளந்தார்களே என்று நாங்கள் வியந்தோம்!

விசில்: எங்கள் தேர்வில் முதலிடம் இதற்கே. பர்மிங்காம் நகரின் ஜோசப் ஹட்சன் செய்த விசிலை 1883-இல் லண்டன் போலீஸ் ஏற்றது. அதற்குமுன் அவர்கள் கையில் இருந்தது மரக் கிலுகிலுப்பை. பயத்தில் நம் குரல் அடைத்துக்கொள்ளும். விசிலுக்கோ மூச்சு மட்டும் போதும். பையின் தோள்பட்டையில் மார்பு உயரத்தில் கட்டுங்கள். கழுத்தில் மாட்ட வேண்டாம். கயிற்றைப் பிடித்து யாரும் இழுத்துவிடலாம்.

குடையும் டார்ச்சும்: குடை எதிராளியைத் தள்ளி நிறுத்தும். மடித்துப் பைக்குள் வைத்த குடையால் பயனில்லை, கையில் இருக்கட்டும். இருட்டில் கண்ணின் பாவை விரிந்திருப்பதால், திடீரென முகத்தில் அடிக்கும் டார்ச் ஒளி ஆளைக் கூசித் திணற வைக்கும். அந்தச் சில நொடிகள் ஓடுவதற்கு. வாரம் ஒருமுறை பேட்டரியைப் பாருங்கள்.

வேண்டாதவை: கத்தி வேண்டாம். பிடுங்கப்பட்டால் அது நம்மீதே திரும்பும். மிளகாய் ஸ்ப்ரே காற்றடித்தால் நம் கண்ணுக்கே வரும். அடைத்த பஸ்ஸில் குழந்தைகளையும் வாட்டும். காலாவதித் தேதியும் அதற்கு உண்டு. பெற்றோரும் பள்ளியும் அறியாமல் அதை வைத்திருக்கக் கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. ஆனால் காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்ற எல்லையையும் வகுத்திருக்கிறது. ஆகவே நம் நோக்கம் சண்டையில் வெல்வதன்று. பிறரைத் திரும்பிப் பார்க்க வைத்து, விலகி, பத்திரமாக வீடு சேர்வதே. பையின் உள்மூடியில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. நம்மிடம் போன் இல்லாவிட்டாலும் கடைக்காரரிடம் கேட்டுப் பேசலாம்.

எங்கள் தோழியின் கதைக்கு வருவோம். இரண்டு வாரம் கழித்து அதே பஸ், அதே தொல்லை. இம்முறை அவள் விசிலை ஊதினாள். கண்டக்டர் விசில் என்றெண்ணி டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்! "யாரும்மா விசில் அடிச்சது?" என்று கண்டக்டர் கோபமாக வந்தார். "நான்தான் அண்ணா. இவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்க" என்றாள். அந்த ஆள் அங்கேயே இறங்கிக்கொண்டான். ஒரு பாட்டி நகர்ந்து இவளுக்கு இடம் கொடுத்தார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் முறை அவள் ஏன் வீட்டில் சொல்லவில்லை தெரியுமா? சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவீர்களோ என்ற பயம். மகள் வந்து சொல்லும்போது, "நீ ஏன் அந்த பஸ்ஸில் போனாய்?" என்று கேட்காதீர்கள். "சொன்னாயே, நல்லது" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லின் துணை இருந்தால் விசிலை எடுக்கக் கை தானே எழும்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்