யூனிக்ஸில் கோப்பைக் காணலும் திருத்தலும்

யூனிக்ஸ் இயக்க முறைமை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதில் 'கேட்' என்னும் கட்டளை ஒரு கோப்பு முழுவதையும் திரையில் காட்டும். 'ஹெட்' முதற் பத்து வரிகளையும், 'டெயில்' இறுதிப் பத்து வரிகளையும் காட்டும். இவற்றால் கோப்புக்கு மாற்றம் ஏதும் நேராது.

திருத்துவதற்கு உரியது 'எட்'. இது கோப்பின் படி ஒன்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே திருத்தும். 'டபிள்யூ' என்று ஆணையிட்டால்தான் திருத்தம் வட்டில் பதியும்.

ஆனால் '>' குறியிடம் எச்சரிக்கை வேண்டும். ஒரு கோப்பைக் 'கேட்' கொண்டு படித்து, இக்குறியால் அதே கோப்பிலேயே எழுத ஆணையிட்டால் எஞ்சுவது வெற்றுக் கோப்பே. ஏனெனில், 'கேட்' படிக்கத் தொடங்குமுன்பே ஷெல் அதைக் காலியாக்கிவிடும். பழையதை அழிக்காமல், மற்றொரு கோப்பின் செய்தியை இறுதியிற் சேர்க்க '>>' இடுக. ஒரு குறி குறைந்தால் ஒரு நாள் உழைப்பு வீணாகும்.