டாஸ் முடிந்த பிறகு

அன்புள்ள தம்பி,

நீ கேப்டன் ஆனதை உன் அப்பா மயிலாப்பூர் டேங்க் பக்கம் பார்த்தபோது சொன்னார். ரொம்ப சந்தோஷம். கூடவே உன் கவலையையும் சொன்னார்: பதவி வந்ததிலிருந்து ரன் வரவில்லை, இனி ஷாட்டைக் குறைத்துக்கொண்டு பொறுப்பாக ஆடலாமா என்று யோசிக்கிறாயாம். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்தைத் தெருவுக்கு விரட்டிய பையனா இப்படி?

நம் சீக்காவை எடுத்துக்கொள். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்காரர். 1981-இல் கவாஸ்கருடன் ஓப்பனிங் இறங்கியபோது வயது 21. 1983 ஜூன் 25, லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை ஃபைனலில் கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நாலு பேர் வரிசையாக வருகிறார்கள். கட்டை போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் ராபர்ட்ஸ் பந்துக்கு ஒரு முழங்காலை மடக்கி ஸ்கொயர் டிரைவ் அடித்தார்! 57 பந்தில் 38. இந்தியா எடுத்த மொத்தமே 183. அன்று இரண்டு அணியிலும் அந்த 38-ஐத் தாண்டி ஒருவரும் அடிக்கவில்லை. 43 டெஸ்டில் 2,062 ரன், சராசரி முப்பதுக்குச் சற்றுக் கீழே. கணக்குப் பார்ப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், பிதுக்கட்டும். புதுப் பந்து போடுகிறவனின் லெங்த்தை ஓப்பனர் கலைத்துவிட்டால், அதன் பலன் ஐந்தாவதாக இறங்குபவனின் ஸ்கோரில்தான் தெரியும்.

1989-இல் அவரைக் கேப்டனாக்கிப் பாகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். அதற்கு ஏழு வருஷம் முன்பு அங்கே போன இந்திய அணி 3-0 என்று தோற்றுத் திரும்பியிருந்தது. இவர் அணி, இம்ரான், வாசிம், வக்கார் மூவரையும் சந்தித்து நான்கு டெஸ்டையும் டிரா செய்தது. முதல் டெஸ்டில் 15 ரன் எடுத்த 16 வயது டெண்டுல்கர் நான்கிலும் ஆடினார். ஆனால் கேப்டனின் மட்டையிலிருந்து அந்தத் தொடரில் ஓர் அரைசதம்கூட வரவில்லை. அடுத்த நியூசிலாந்து டூருக்கு அசாருதீன் கேப்டன். சீக்காவுக்கு டீமிலேயே இடமில்லை. எனக்கு இன்றும் அது அநியாயமாகத்தான் படுகிறது. இருந்தாலும் செலக்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதை நீ இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கேப்டன்ஸியில் சம்பாதித்ததை பேட்டிங் கணக்கில் வரவு வைக்க மாட்டார்கள்.

அவர் திரும்பி வந்தார், அதே அசாருதீனுக்குக் கீழே. 1992-இல் பெர்த்தில், தன் கடைசி டெஸ்டில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்தார். முன்னாள் கேப்டன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பவர் கைக்கு ஐந்து கேட்ச் வராது.

உனக்கு நான் சொல்வது சின்ன விஷயம். டாஸ் போட்டுவிட்டு வந்ததும் ஃபீல்டு, பேட்டிங் ஆர்டர், அம்பயரிடம் கேட்க வேண்டியது எல்லாவற்றையும் வைஸ் கேப்டனிடம் விட்டுவிடு. தனியாக உட்கார்ந்து பேடு கட்டு. அவுட் ஆகும்வரை நீ ஓப்பனர் மட்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அகலமாக விழுந்தால் முதல் ஓவரானாலும் அடி. டக் அடித்து வந்தால் பத்து நிமிஷம் யாரிடமும் பேசாதே. பிறகு எழுந்து போய் அடுத்து இறங்கப்போகிறவன் பக்கத்தில் உட்கார். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு நானும் வருகிறேன், சைட் ஸ்கிரீன் பக்கம் இருப்பேன்.

அன்புடன்,
உன் மாமா