வள்ளுவரின் நாற்கூறும் மாநிலத்தின் நலத்திட்டமும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டி நிறைவுறுகிறது. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று குறையினும் மருத்துவம் முழுமை பெறாது. நீரிழிவு, மிகு இரத்த அழுத்தம் முதலான தொற்றா நோய்களை எதிர்கொள்ளத் தமிழ்நாடு மேற்கொண்ட திட்டத்தை இப்பகுப்பின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

நம் மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறை 1922இல் தோன்றியது. பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. காலராவும் அம்மையும் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. அந்நோய்கள் ஆரவாரத்தோடு வரும். தடுப்பூசிக்கும் தூய நீருக்கும் அடங்கும். தொற்றா நோயோ வலியின்றி நுழைந்து வாழ்நாள் முழுதும் உடனுறைவது. ஆகவே ஒருநாள் முகாம் இதற்குப் போதாது. ஆண்டுக்கணக்கில் தொடரும் ஏற்பாடு வேண்டும்.

மருத்துவனும் மருந்தும்

2007இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இரத்த அழுத்தத்திற்கும், தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் முன்னோடிப் பரிசோதனைத் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. அவற்றின் பட்டறிவைக் கொண்டு 2012 முதல் மாநிலம் முழுதும் அப்பணி விரிந்தது. வேறு நோய்க்காக மருத்துவமனைக்கு வருவோரையும் பரிசோதித்து, மறைந்திருக்கும் நோயைக் கண்டறிவது இதன் முறை.

கண்டறிந்தபின் மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டுமன்றோ? 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை முன்பே அமைத்திருந்தது. வாழ்நாள் மருந்துக்கு இதுவே அடித்தளமாயிற்று.

துணை நிற்பவர்

மாதந்தோறும் மருந்து வாங்க ஒருநாள் கூலியை இழப்பவன் எத்தனை மாதம் வருவான்? இவ்வினாவுக்கு விடையாக 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மருந்து தந்தனர். இயன்முறை மருத்துவமும், படுக்கையில் இருப்போர்க்கு வலி தணிக்கும் சேவையும் இல்லத்திற்கே வந்தன. 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதினைப் பெற்றது.

நோயுற்றவன்

எனினும் நான்காம் கூறே கடினமானது. 2020ஆம் ஆண்டு மாநில ஆய்வின்படி, வயது வந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மிகு அழுத்தம் இருந்தது. அவர்களுள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு 7 பேரே. 2023-24 ஆய்வில் அது ஏறத்தாழ 17 ஆக உயர்ந்தது. இது நல்ல முன்னேற்றமே. ஆயினும் எஞ்சிய 83 பேரின் இதயமும் சிறுநீரகமும் பக்கவாத அச்சமும் நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும். தன் நோயை அறியாதவர் பலர். அறிந்தும், உடல் நலமாக இருப்பதாக எண்ணி மாத்திரையை நிறுத்துவோரும் உளர். தன்னார்வலர் வரும் வேளையில் ஆடவர் பணிக்குச் சென்றுவிடுவதும் உண்டு.

நம் இல்லங்களில் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளிகள், ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா என்பதையும் மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிதல் இன்றியமையாதது. தாமாகவே மாற்றுவது ஆபத்தாகும்.

முடிவுரை

மருத்துவனையும் மருந்தையும் துணையையும் அரசு தரலாம். மாத்திரையை விழுங்குவது நோயாளியின் கையில் உள்ளது. மாணவச் செல்வங்கள் தம் இல்லத்துப் பெரியோரிடம், "இம்மாதம் அழுத்தம் பார்த்தீர்களா?" என்று கேட்பாராயின், வள்ளுவர் கூறிய துணைவன் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பான்.