ஏழு நிமிடம் போதும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்சுற்று நடத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ‘ஃபெட்’ என்ற கணினிச் செயல்பாட்டை மடிக்கணினியில் திறந்து வைத்தேன். மின்கலம், பல்பு, கம்பி ஆகியவற்றைத் திரையில் இழுத்து வைத்து இணைத்தால் பல்பு எரியும். மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்து இணைத்தார்கள். பல்பை எரிய வைக்காதவர் ஒருவரும் இல்லை. அன்று மாலை குறிப்பேட்டில் ‘பாடம் சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதினேன்.

மறுநாள் டார்ச் பல்பு ஒன்று, மின்கலம் ஒன்று, துண்டுக் கம்பிகள் இரண்டு என ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தேன். ஆறு குழுக்களில் ஒரு குழுவின் பல்பும் எரியவில்லை. சிலர் கம்பியின் மேலுறையைச் சீவாமலேயே இணைத்திருந்தார்கள். சிலர் இரண்டு கம்பிகளையும் பல்பின் அடிமுனையிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். “நேத்து எரிஞ்சுதே சார்” என்றாள் ஒரு மாணவி. என்னிடம் பதில் இல்லை. மணி அடித்ததும் பொருள்களை வாங்கி அலமாரியில் வைத்தேன். முதல் நாள் எழுதிய வரியை நான் திருத்தவில்லை. இந்தத் தோல்வியை எவரிடமும் சொல்லவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று பின்னர் யோசித்தேன். எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான் ஒருவன்தான். பயிற்சிக்குச் சென்றால் அங்கே கேட்க வேண்டியிருக்கும், சொல்ல இடமிருக்காது. நமக்குள் உண்மையான பேச்சு நடப்பது தேநீர் இடைவேளையில்தான். “அந்தப் பாடத்தை நீங்க எப்படி சார் எடுக்கறீங்க?” என்று அங்குதான் கேட்கிறோம். டம்ளர் காலியாவதற்குள் அந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

அந்தத் தேநீர் இடைவேளையையே ஒரு சந்திப்பாக வளர்த்தெடுத்த ஆசிரியர்களைப் பற்றி ஒரு கோடை விடுமுறையில் தேடிப் படித்தேன். நமக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

எழுதியவர்கள் சந்தித்தார்கள்

இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் சில ஆசிரியர்கள் வலைப்பூ எழுதிவந்தார்கள். வகுப்பில் ஒலிப்பதிவு செய்தது, மாணவர்களை இணையத்தில் எழுத வைத்தது, அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அன்றன்று நடந்ததை எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். தம் வகுப்பில் செய்து பார்த்தார். விளைவைத் தாமும் எழுதினார். ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமலே ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள்.

2006ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் எடின்பரோ நகரில் கூடினார்கள். அந்த முதல் சந்திப்புக்கு ‘ஸ்காட்எஜுபிளாக்ஸ்’ சந்திப்பு என்று பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் கிளாஸ்கோவில் கல்வித் தொழில்நுட்ப மாநாடு நடந்தபோது, அதையொட்டி இரண்டாம் முறை கூடினார்கள். அந்தச் சந்திப்பு ‘டீச்மீட்’ என்ற புதிய பெயரில் நடந்தது. பெரிய மாநாட்டுக்கு எப்படியும் வருகிறோம், மாலையில் நாம் மட்டும் தனியே உட்கார்ந்து பேசுவோம் என்ற எளிய எண்ணம்தான் அது. பின்னர் இலண்டனில் நடக்கும் ‘பெட்’ என்னும் கல்வித் தொழில்நுட்பக் கண்காட்சியின்போதும் டீச்மீட் நடந்தது. பிரிட்டனைக் கடந்து பிற நாடுகளுக்கும் இம்முறை பரவியது.

டீச்மீட்டின் விதிகள் மிகச் சில. நுழைவுக் கட்டணம் கிடையாது. பேச விரும்புபவர் பொதுவான இணையப் பக்கம் ஒன்றில் தாமே தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏழு நிமிடம் பேசலாம். அது அதிகம் என்று நினைப்பவர் இரண்டு நிமிடம் பேசலாம். தம் வகுப்பில் தாமே செய்ததைத்தான் பேச வேண்டும். அடுத்துப் பேசப்போவது யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். நேரம் கடந்து பேசினால் ஒட்டகப் பொம்மையைப் பேச்சாளர்மீது எறியும் வேடிக்கையும் உண்டு. பேச விரும்பாமல் கேட்க மட்டும் வருபவர்களுக்கும் பட்டியலில் இடமிருந்தது. ‘ஆர்வமுள்ள ஒதுங்கிநிற்பவர்’ என்ற பொருளில் ஒரு செல்லப் பெயரும் அவர்களுக்கு உண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகிய எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

மாநாட்டுக்கு முந்தைய நாள்

அமெரிக்காவில் இதே காலத்தில் இன்னொரு வடிவம் உருவானது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கல்விக் கணினி மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வருவார்கள். பின்னர் அது ‘இஸ்டி’ மாநாடு எனப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஜூனில் அட்லாண்டாவில் அந்த மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள், ஸ்டீவ் ஹார்கடன் ஒருங்கிணைப்பில் வலைப்பூ எழுதும் கல்வியாளர்கள் கூடினார்கள். அந்த நாளுக்கு ‘எஜுபிளாகர்கான்’ என்று பெயர். அழைக்கப்பட்ட சிறப்புப் பேச்சாளர் எவரும் இல்லை. எதைப் பேசலாம் என்பதை வந்தவர்களே முடிவு செய்தார்கள்.

முந்தைய நாள் கூடியதில் ஒரு நன்மை உண்டு. மறுநாள் பெருங்கூட்டத்துக்குள் நுழையும்போது அவர்கள் தனியாக இல்லை. அரங்குகளுக்கு வெளியே வலைப்பதிவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஓர் இடமும் அம்மாநாட்டில் அமைந்தது. உள்ளே கேட்ட உரையை வெளியே வந்து விவாதித்தார்கள். அன்றிரவே எழுதினார்கள். ஊரில் இருந்தவர்கள் அதைப் படித்து மறுகேள்வி கேட்டார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாத ஆசிரியரும் அப்படி மாநாட்டில் கலந்துகொண்டார்.

பள்ளியே மாநாட்டு அரங்கம்

மூன்றாவது ஊர் பிலடெல்பியா. அங்குள்ள சயின்ஸ் லீடர்ஷிப் அகாடமி 2006இல் தொடங்கப்பட்ட ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் முதல்வராக இருந்த கிறிஸ் லேமன் வலைப்பூ எழுதியவர். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பள்ளியிலேயே ‘எஜுகான்’ என்ற மாநாடு தொடங்கியது. சொற்பொழிவுகளைவிட உரையாடல்களுக்கே அங்கு முதலிடம். மாநாட்டை நடத்துவதில் பள்ளி மாணவர்களும் பங்கேற்றார்கள். ஆசிரியர்கள் பேசும் மாற்றம் மாணவரிடம் நடக்கிறதா என்பதை நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஊரில் 2010ஆம் ஆண்டு மே மாதம் முதல் ‘எட்கேம்ப்’ நடந்தது. காலையில் சுவரில் வெற்று அட்டவணை ஒன்று இருக்கும். பேச விரும்பும் பொருளை ஒரு தாளில் எழுதி யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஓர் அறையில் நடக்கும் பேச்சு பயன்படவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம்; அதை யாரும் மரியாதைக் குறைவாகக் கொள்வதில்லை.

சேர்த்து வைத்தது எது?

இந்த மூன்று ஊர்க் கதைகளையும் படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. மாநாடு அவர்களைச் சமூகமாக்கவில்லை. மாநாட்டுக்கு முன் எழுதியதும், பின் எழுதியதும்தான் அவர்களைச் சேர்த்து வைத்தன. நடுவில் ஒரு நாள் நேரில் பார்த்துக்கொண்டார்கள்.

முன்பே படித்திருந்ததால், ‘எந்தப் பள்ளி, எந்த வகுப்பு?’ என்ற விசாரணையில் நேரம் போகவில்லை. ‘அந்தப் பதிவில் எழுதியிருந்தீர்களே, அந்த மாணவன் இப்போது எப்படி?’ என்று பேச்சை நேராகத் தொடங்க முடிந்தது. திரும்பிச் சென்ற பிறகும் எழுதியதால், கேட்டதைச் செய்து பார்க்க வேண்டிய பொறுப்பு வந்தது. செய்யாமல் எழுத முடியாதல்லவா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தோற்றதைச் சொல்லவும் அங்கு இடமிருந்தது. தன் வகுப்பில் நடந்ததை மட்டும் பேச வேண்டும் என்று விதி வைத்தால், நடக்காததும் பேச்சில் வந்தே தீரும்.

குறைகளும் உண்டு

இவற்றை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போவது முறையாகாது. எழுதத் தெரிந்தவர்கள், இணையத்தில் பழகியவர்கள், மாலையில் வீட்டுப் பொறுப்பை விட்டு வர முடிந்தவர்கள் ஆகியோரே அந்த வட்டங்களில் முன்னால் நின்றார்கள். ஒரே வட்டம் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருக்கும் ஆபத்தும் இருந்தது. கருவி விற்கும் நிறுவனங்களுக்கும் இத்தகைய கூட்டங்கள்மீது ஒரு கண் உண்டு. புதிய செயலியைக் காட்டுவதில் இருக்கும் உற்சாகம், அதனால் குழந்தை கற்றதா என்று கேட்பதில் சில நேரம் குறைந்துவிடும். காலப்போக்கில் பலர் வலைப்பூவை விட்டு ட்விட்டருக்குச் சென்றார்கள். பேச்சு வேகமானது. ஆனால் ஒரு பாடத்தைப் பற்றி நின்று நிதானமாக எழுதும் வழக்கம் குறைந்தது.

நம் நிலையும் இதற்கு நெருங்கியதே. நம் அலைபேசியில் ஆசிரியர் குழுக்களுக்குக் குறைவில்லை. அவற்றில் சுற்றறிக்கை வருகிறது, படிவம் வருகிறது, வாழ்த்து வருகிறது. ‘இன்று என் வகுப்பில் இது நடக்கவில்லை’ என்ற செய்தி வருவதில்லை.

எங்கள் குறுவள மையத்தில்

படித்ததோடு நிற்கக் கூடாது என்று எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியப் பயிற்றுநரிடம் அரை மணி நேரம் கேட்டேன். அவரும் இசைந்தார். மூன்று பேர், ஆளுக்கு ஏழு நிமிடம். சீட்டுக் குலுக்கியதில் முதல் பெயர் என்னுடையதே வந்தது.

வேறு வழியின்றி மின்சுற்றுக் கதையைச் சொன்னேன். திரையில் எல்லோருக்கும் எரிந்ததையும், கையில் ஒருவருக்கும் எரியாததையும், குறிப்பேட்டில் நான் எழுதிய வரியையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது அறை அமைதியாக இருந்தது. எனக்கு வியர்த்தது.

பக்கத்துக் கிராமப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்தார். “சார், திரையில எங்கே இணைக்கணும்னு வட்டம் போட்டே காட்டிடுது. நிஜ பல்புல வட்டம் ஏது? பக்கவாட்டு உலோகத்துல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு பிள்ளைங்களே தேடிக் கண்டுபிடிக்கணும். நீங்க முதல்ல பல்ப கையில குடுங்க. அரை மணி நேரம் திண்டாடட்டும். அப்புறம் திரையைக் காட்டுங்க” என்றார். தாமும் ஒரு முறை இப்படித் தடுமாறியதாகச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அப்படியே செய்தேன். முதலில் பல்பு, பிறகு வரைபடம், கடைசியில் திரை. இருபது நிமிடம் வகுப்பு சந்தைபோல் இருந்தது. பின் ஒரு குழுவின் பல்பு எரிந்தது. அந்தக் குழுவிலிருந்த மாணவன் அடுத்த குழுவுக்கு ஓடிப்போய், “பக்கவாட்டுல வைடா” என்றான். பாடம் முடிவதற்குள் நான்கு குழுக்களின் பல்புகள் எரிந்தன. மற்ற இரண்டு குழுக்கள் மறுநாள் எரிய வைத்தன. அந்த ஆசிரியைக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதி, அலைபேசியில் படமெடுத்து அனுப்பினேன். அவர் அதை வட்டத்திலுள்ள மற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கும் அனுப்பினார். இப்போது கூட்டத்துக்கு முன் எங்களுக்குள் மூன்று நான்கு பக்கங்கள் சுற்றி வருகின்றன. எல்லா மாதமும் இது நடப்பதில்லை. தேர்வு மாதங்களில் விட்டுப்போகிறது. மறுபடி தொடங்குகிறோம்.

நீங்களும் செய்து பார்க்க

1. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன், பேசப்போகும் மூவரும் தம் வகுப்பு அனுபவத்தை ஒரு பக்கம் எழுதிச் சுற்றுக்கு விடுங்கள். கையெழுத்தில் இருந்தாலும் போதும்.

2. ஒருவருக்கு ஏழு நிமிடம். மணி பார்க்க ஒருவரை நியமியுங்கள். மூத்தவர், இளையவர், தொடக்கப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி எவராயினும் அதே ஏழு நிமிடம்தான்.

3. தாம் செய்ததை மட்டும் பேச வேண்டும். ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ என்ற சொற்கள் வந்தால் மணி அடியுங்கள்.

4. ஒவ்வொரு உரையிலும் ‘எது நடக்கவில்லை’ என்ற பகுதி கட்டாயம் இருக்கட்டும். அதைக் கேட்டுச் சிரிப்பதும், வெளியே சொல்வதும் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

5. செயலி, கருவி எதைக் காட்டினாலும், அதனால் எந்தக் குழந்தை எதைக் கற்றது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

6. மாணவரின் பெயரையும் படத்தையும் சுற்றுக்கு விடும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

7. பேசத் தயங்குபவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இந்த மாதம் கேட்பவர் அடுத்த ஆண்டு பேசலாம். நானே அப்படித்தான்.

8. ஒரு மாதத்துக்குள், கேட்டவற்றில் ஒன்றையாவது வகுப்பில் செய்து பார்த்து, சொன்னவருக்கே பதில் எழுதுங்கள். மற்ற ஏழும் இந்த ஒன்றை நம்பித்தான் இருக்கின்றன.

எடின்பரோவில் கூடியவர்களும் வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பாடம் நடத்தியவர்களே. எழுதினார்கள், பிறகு சந்தித்தார்கள், திரும்பிப் போய் மீண்டும் எழுதினார்கள். நமக்கு மாநாட்டு அரங்கம் தேவையில்லை. மாதந்தோறும் கூடும் குறுவள மையத்தில் அரை மணி நேரமும், ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

உங்கள் குறிப்பேட்டிலும் ‘சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதிவிட்டுத் திருத்தாமல் விட்ட ஒரு நாள் இருக்கும். அடுத்த கூட்டத்தில் அந்த நாளைச் சொல்லுங்கள். அதற்கு விடை தெரிந்த ஒருவர் உங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளியே உட்கார்ந்திருக்கலாம்.